நான்காவது ட்ரம்

காலி தார் ட்ரம்மை சிமெண்டுத் தரையில் நகர்த்தினால் ஒரு சத்தம் வரும். அதை இன்றும் என்னால் கேட்க முடியாது. பள்ளிக்கு வெளியே சாலை போடுகிறவர்கள் ஒன்றை இழுத்தால், கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் நான் சாக்பீசும் கையுமாக நின்றுவிடுவேன். மாணவிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்தச் சத்தம்தான் என் இரண்டு பிள்ளைகளைக் கிணற்றங்கரை வரைக்கும் கொண்டுபோனது என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது?

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆரணியில் சொந்தமாகக் கார் வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். பட்டு வியாபாரிகள், அரிசி மில்காரர்கள், ஒரு டாக்டர். அவர்கள் கூடி ஒரு கார் சங்கம் வைத்தார்கள். எதற்கு என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். எனக்குத் தெரிந்து அது செய்த ஒரே உருப்படியான வேலை, யாருடைய வண்டியாவது நின்றுபோனால் மற்றவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்த் தள்ளுவது. பட்டு நூல் வியாபாரம் செய்த என் வீட்டுக்காரர், வேலூரில் ஒரு பழைய பியட்டை வாங்கி, நாற்பது வயதுக்கு மேல் ஓட்டக் கற்றுக்கொண்டு அதில் சேர்ந்தார். சேர்ந்த பிறகு வீட்டில் வேறு பேச்சே இல்லை.

முன்னால் ஓட்டுவதில் அவரை நான் குறை சொல்லமாட்டேன். பின்னால் எடுப்பதுதான் பிரச்சினை. அது அவருடைய குறை மட்டுமல்ல, ஊரின் குறை. எங்கள் நெசவுத் தெருக்களில் காலையில் பாவு நீட்டியிருப்பார்கள். தறியில் ஏற்றப்போகும் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, குச்சிகளின் மேல் தாங்கவிட்டிருப்பார்கள். அங்கே ஒரு கார் வந்து சிக்கிக்கொண்டால், ஓட்டுகிறவர் பதற வேண்டியதில்லை. நாலு பேர் ஓடிவருவார்கள். ஒருவர் குச்சியைப் பிடுங்கி நகர்த்துவார், ஒருவர் சைக்கிளைத் தூக்கி ஓரமாக வைப்பார், இருவர் பின்னால் நின்று "வா... வா... வா..." என்பார்கள். பாவுக்கு ஒன்றும் ஆகக் கூடாது, வண்டிக்கும் ஒன்றும் ஆகக் கூடாது. ஆரணியில் ரிவர்ஸ் எடுப்பது ஓட்டுகிறவரின் வேலையே அல்ல, தெருவின் வேலை. ஓட்டுகிறவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

எனக்கு இது பிடிக்கவில்லை. பிள்ளைகளைப் படவேட்டு அம்மன் கோயிலுக்குக் காரில் அழைத்துப்போக வேண்டும் என்று அவர் ஆரம்பித்தபோது முடியாது என்றேன். மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஆறு. பேருந்தில் போகலாமே என்றால், "கார வெச்சிகினு பஸ்ஸுல போனா ஊரு சிரிக்கும் டீச்சரே" என்பார். வீட்டிலும் என்னை அவர் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார், சண்டை போடும்போது மட்டும் ஒரு 'ஏ' சேர்ந்துகொள்ளும்.

அந்தச் சமயத்தில்தான் சங்கத்தின் செயலாளரான மில் நயினார், ஓட்டும் திறமைக்கு ஒரு போட்டி வைக்கப்போவதாக அறிவித்தார். மில்லின் நெல் உலர்த்தும் களத்தில் நான்கு காலி ட்ரம்களை நிறுத்தி, அவற்றுக்கு இடையே வளைந்து வளைந்து காரைப் பின்னால் எடுக்க வேண்டும். எதையும் தொடக் கூடாது. ஒவ்வொரு ட்ரம்முக்கும் பக்கத்தில் ஓர் ஆள் நின்று, தொட்டதா இல்லையா என்று குறித்துக்கொள்வார். கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. கணக்கு டீச்சருக்குப் பரீட்சை என்றால் ஒரு நம்பிக்கை. "நாலையும் தொடாம எடுத்துக் காட்டுங்க. அப்புறம் புள்ளைங்கள ஏத்துங்க, நான் வாயத் தெறக்கமாட்டேன்" என்றேன். மூன்று வாரம் மனிதர் கனவில்கூடக் கழுத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். நான் கண்டிப்பானவள் என்று ஊரே சொல்லும் என்பதால், நான்காவது ட்ரம்முக்கு நயினார் என்னையே நிறுத்தினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. ஊரில் பாதி களத்தில் இருந்தது. மோர் ஒரு பக்கம், சுண்டல் ஒரு பக்கம். டாக்டரின் அம்பாசடர் முதலில் வந்தது. பின்னால் எடுக்க ஆரம்பித்த உடனே கூட்டம் மொத்தமும் களத்துக்குள் இறங்கிவிட்டது.

"ஒடிங்க டாக்டர், ரைட்ல ஒடிங்க!"

"எந்த ரைட்டுய்யா, உன் ரைட்டா, வண்டி ரைட்டா?"

"நீ சும்மா இரு. வண்டின்னு ஒண்ண தள்ளினதே தவிர நீ ஏறினது உண்டா?"

வண்டி முதல் ட்ரம்மை இடிக்க ஒரு சாண் இருந்தது. அங்கே குறித்துக்கொள்ள நின்ற நெசவு மேஸ்திரி, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, ட்ரம்மை இரண்டு கையாலும் பிடித்து நகர்த்திவிட்டார். தெருவில் பாவுக் குச்சியை நகர்த்துவது போலத்தான். அவருக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. கர்ர் என்று அந்தச் சத்தம். கூட்டம் கைதட்டியது.

"மேஸ்திரி, அத நகத்தக் கூடாது!" என்று கத்தினேன்.

"இன்னா டீச்சரம்மா இப்பிடிச் சொல்றீங்க? பம்பர் நசுங்கிப் பூடுமே. பாத்துகினு சும்மா நிக்கச் சொல்றீங்களா?"

நயினாரிடம் ஓடினேன். அவர் என்னைத்தான் சமாதானப்படுத்தினார். "பேஜார் பண்ணாதீங்கம்மா. ஒரே ஊர்க்காரங்க. ஒருத்தர ஃபெயிலுன்னு சொன்னா, நாளைக்கு இன்னொருத்தர் வண்டி நின்னா அவரு தள்ள வருவாரா?" திரும்பிப்போய் என் இடத்தில் நின்றேன். வண்டிக்கு வண்டி ட்ரம்கள் நகர்ந்துகொண்டே இருந்தன. என்னுடையது மட்டும் நகரவில்லை. இரண்டு பேர் அதில் இடித்தார்கள், குறித்தேன். கூட்டம் என்னைக் கொலைகாரியைப் பார்ப்பது போலப் பார்த்தது.

கடைசியாக எங்கள் பியட் வந்தது. முதல் மூன்றும் வழக்கம்போல விலகிக்கொடுத்தன. பிறகு அது நேராக என் ட்ரம்மை நோக்கி வந்தது. பின் கண்ணாடி வழியாக அவருடைய கழுத்து தெரிந்தது. சட்டைக் காலர் நனைந்து ஒட்டியிருந்தது. அவர் தன்னால் முடிந்தவரை ஒடித்துவிட்டார், அது போதவில்லை. அரை சாண் இடிக்கும். எனக்குக் கணக்குத் தெரியும். மனிதர் மூன்று வாரம் சரியாகத் தூங்கவில்லை என்பதும் தெரியும். கையில் தாளும் பென்சிலும் இருந்தன. முழங்காலால் ஒரு தள்ளு தள்ளினேன். கர்ர்.

யாரும் என்னைப் பார்க்கவில்லை, எல்லோரும் வண்டியைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். நயினார் சமணர், பொழுது சாயும் முன் சாப்பிட்டாக வேண்டும், அதனால் நாலரை மணிக்கே பரிசளிப்பு. எல்லோருக்கும் முதல் பரிசு. ஆளுக்கொரு எவர்சில்வர் குடம். என் கணவர் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்து காட்டினார், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை படவேட்டுக்குக் கிளம்பினோம். நான் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே. சந்தவாசல் தாண்டி, ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய இடத்தில், எதிரே பேருந்து வந்து நின்றது. யாராவது பின்வாங்கியாக வேண்டும். "நான் எடுக்கறேன்" என்று அவர் கையைக் காட்டினார், களத்தில் குடம் வாங்கிய அதே கை. வேகமாகவே எடுத்தார். பின்னால் யாரும் இல்லை. "வா வா" என்று சொல்ல ஒரு நாதி இல்லை. நகர்ந்துகொடுக்கவும் எதுவும் இல்லை. ஒரு தூக்கு தூக்கி வண்டி பின்பக்கமாகச் சாய்ந்தது. மகள் "அம்மா, கீழ தண்ணி" என்றாள். கத்தவில்லை, சொன்னாள். திரும்பிப் பார்த்தேன். சாலையோரம் கைப்பிடிச் சுவர் இல்லாத பாசனக் கிணறு. ஒரு பின் சக்கரம் மண்ணைவிட்டு இறங்கியிருந்தது. விளிம்புக்கு இரண்டு முழம்கூட இல்லை. மகன் தூங்கிக்கொண்டிருந்தான்.

பேருந்திலிருந்து ஆட்கள் குதித்து ஓடிவந்தார்கள். பிள்ளைகளை ஜன்னல் வழியாக வாங்கினார்கள். எங்களை இறக்கினார்கள். ஏலேலோ போட்டு வண்டியைத் தூக்கிச் சாலையில் வைத்தார்கள். அவர்களுக்கு நான் ஆயுசுக்கும் கடமைப்பட்டவள். ஆனால் அவர்களில் ஒரு பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "ஏம்மா, நீயாவது எறங்கி நின்னு வா வான்னு சொல்லியிருக்கக் கூடாதா?" எனக்கு அழுவதா, அவரை அடிப்பதா என்று தெரியவில்லை.

பேருந்து போன பிறகு புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். பிள்ளைகள் இருவரையும் மடியில் பிடித்துக்கொண்டிருந்தேன், கை விடவே வரவில்லை. அங்கே வைத்துத்தான் அவரிடம் சொன்னேன். "நீங்க பாஸே ஆவல. ட்ரம்ம எல்லாம் நகத்திட்டாங்க."

"தெரியும்" என்றார். "சைடு கண்ணாடில தெரிஞ்சிது. மேஸ்திரி நகத்தினது, மத்தவங்க நகத்தினது எல்லாம் பாத்தேன்."

"தெரிஞ்சிகினா புள்ளைங்கள ஏத்தினீங்க?"

"மூணு நகந்துது. நாலாவது உன்னுது, நேரா பின்னால இருந்துது, சைடு கண்ணாடில தெரியல. நீ ரெண்டு பேர ஃபெயில் போட்டத நானே பாத்தேன். அதுல நான் தொடலன்னா, மெய்யாவே எனக்கு வந்துடுச்சின்னு நெனச்சிகினேன்."

நான் முழங்காலைப் பற்றிச் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். எழுந்துபோய் வண்டியின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஊரே ஏமாற்றியதை அவர் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டிருந்தார். நான் ஒருத்தி ஏமாற்றமாட்டேன் என்று நம்பித்தான் பிள்ளைகளை ஏற்றியிருந்தார்.

மறு வருடம் போட்டி வந்தபோது அவரே நயினாரிடம் போய், "டீச்சர் நிக்கிற ட்ரம்ல மட்டும் தண்ணி ரொப்பி வெய்ங்க" என்று கேட்டுக்கொண்டார். நயினாருக்கு ஒன்றும் புரியவில்லை. "நல்ல வண்டியப் போய் ஏன்யா?" என்று புலம்பிக்கொண்டே ரொப்ப வைத்தார். பியட் பின்னால் வந்தது. மூன்று ட்ரம்கள் முன்போலவே நகர்ந்தன. என்னிடம் வந்ததும் மேஸ்திரி ஓடிவந்து தள்ளிப்பார்த்தார், அசையவில்லை. "டீச்சரம்மா, ஜல்தி, ஒரு கை புடிங்க!" என்று அலறினார். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

டமால் என்றது. கூட்டம் "ஐயோ" என்றது. "கட்டின பொண்டாட்டியே இப்பிடியா?" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அவர் இறங்கி, பின்னால் வந்து, உள்வாங்கியிருந்த பம்பரை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"குறிச்சிக்க, டீச்சர்" என்றார்.

குறித்தேன். பிள்ளைகளை அந்த வருடம் பேருந்தில்தான் படவேட்டுக்கு அழைத்துப்போனோம். ஊர் சிரித்தது. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, மகனை மடியில் வைத்துக்கொண்டு, கிணறு வந்த இடத்தில் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.