கைதட்டிப் பார்க்கிறவர்

எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் ஒரு முறை கைதட்டுகிறார். ஒரே ஒரு தட்டு. தட்டிவிட்டு, தலையை லேசாகச் சாய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வங்கி, பள்ளிக்கூட வராந்தா, உறவுக்காரர்கள் புதிதாகக் குடிபோன வீடு, எதையும் விட்டுவைப்பதில்லை. ஒருமுறை பல் மருத்துவரிடம் போய் இப்படித் தட்டியதில், காத்திருந்த ஒன்பது பேரும் தங்களைத்தான் உள்ளே கூப்பிடுகிறார்கள் என்று எழுந்துவிட்டார்களாம். "சாரிங்க, உக்காருங்க. ரூம் எப்படின்னு பார்த்தேன்" என்று சமாளித்தாராம். ரூம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"வெறும் டைல்ஸ். பேசினாலே காது கூசுது. அங்க மனுசன் ஆட முடியாது."

பல் பிடுங்கப் போகும் இடத்தில் எதற்காக ஆட வேண்டும் என்று கேட்டால் கோபித்துக்கொள்வார். நான் கேட்கவில்லை.

வயது நாற்பத்து மூன்று. திங்கள் முதல் சனி வரை மருத்துவமனையில் காது பரிசோதனை செய்கிறார். சத்தம் புகாத சிறிய அறைக்குள் ஆளை உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, ஓசை கேட்டால் அமுக்கச் சொல்வது வேலை. அங்கே எல்லோருக்கும் அவர் 'டெஸ்ட் அக்கா'. ஞாயிற்றுக்கிழமை மதியமும் அதே பெயர்தான், கூப்பிடுகிறவர்கள் மட்டும் வியர்வையில் குளித்திருப்பார்கள்.

"வாரம் பூரா 'கேக்குதா, கேக்குதா'ன்னு கேட்டு எனக்கே அலுத்துப் போச்சு. ஒரு நாளாவது, அப்படிக் கேக்கவே வேணாங்கற மாதிரி ஒண்ணு வேணும்ல?"

அந்த ஒன்றுதான் 'மூணு மணி'. ஏழு பேர் சேர்ந்து நடத்தும் ஆட்டக் குழு. ஆடுவதற்கென்றே கம்ப்யூட்டரில் கோர்த்த இசையை மூன்று மணிக்கு ஆரம்பித்து ஏழு மணி வரை இடைவெளி இல்லாமல் ஓடவிடுகிறார்கள். வருகிறவர்கள் ஆடுகிறார்கள். மேடை இல்லை, பாட்டுக்காரர் இல்லை, பொன்னாடை இல்லை. குழுவில் ஒரு தையற்காரர், ஒரு கணக்கு டீச்சர், இரண்டு ஸ்கூல் வேன் டிரைவர்கள், மீன்தொட்டிக் கடை வைத்திருக்கும் அக்கா தங்கை, பிறகு இவர். ஆளுக்குக் கொஞ்ச நேரம் இசை போடுவார்கள். போஸ்டரில் யாருடைய முகமும் இருக்காது. அன்றைக்கு முதலில் இசை போட்டவர்தான் கடைசியில் கூடத்தைப் பெருக்க வேண்டும். இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவரும் இவரே, அதிகம் பெருக்கியவரும் இவரே.

ஐந்து வருடத்துக்கு முன்பு வேன் நிறுத்தும் கொட்டகையில் தொடங்கினார்கள். முதல் நாள் பதினோரு பேர். "அதுல ஏழு பேரு நாங்க. மிச்சம் நாலுல ஒருத்தர் கரன்ட் மீட்டர் பார்க்க வந்தவரு. அவரும் ஒரு பாட்டுக்கு நின்னாரு" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை எந்த மீட்டர்காரர் வேலைக்கு வருகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. வந்தார் என்று சாதிக்கிறார். ஆறு மாதத்தில் நாற்பது பேரானார்கள். கொட்டகை போதாமல் மூடிக்கிடந்த டேபிள் டென்னிஸ் கூடத்துக்கு மாறினார்கள். அங்கே நூற்றைம்பது பேர் சேர்ந்து ஆடியதில் மேல்கூரையின் அட்டை ஒன்று கழன்று விழுந்தது. நடுவில் ஒரு பெரிய கிளப் முதலாளி ஆள் அனுப்பினார். சனிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தன் இடத்தில் தன் பெயரில் நடத்தச் சொன்னார். இவர் போனார், கொடுத்த ஜூஸைக் குடித்தார், திரும்பி வந்துவிட்டார்.

"மூணு மணியை ராத்திரி பத்துக்கு எப்படிங்க வைக்கிறது? ராத்திரியில நாலு பேரு தூக்கத்தைக் கெடுத்து ஆடற ஆட்டம் நமக்கு வேணாம். பகல்ல எவன் தூங்கறான்?"

இந்தக் கடைசிக் கேள்விதான் பிறகு அவர் கழுத்தைப் பிடித்தது.

டேபிள் டென்னிஸ் கூடத்துக்குப் பிறகு பதினோரு இடம் பார்த்தார்கள். பதினோரு இடத்திலும் கைதட்டி உதட்டைப் பிதுக்கினார். பன்னிரண்டாவது, கம்பளம் அடுக்கிவைக்கும் பழைய கிடங்கு. நீளமான கூடம், உயரமான கூரை, மூன்று பக்கமும் இன்னும் சுருள் சுருளாகக் கம்பளம். தட்டிய சத்தம் திரும்பி வரவே இல்லை. "அப்படியே தரையில உக்காந்து அழுதுட்டேன்" என்கிறார். கிடங்குக்காரர் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தாராம். நகராட்சி மூன்று மாதத்துக்குத் தற்காலிக அனுமதி தந்தது. அக்கம்பக்கத்தில் யாரும் ஆட்சேபணை சொல்லவில்லை என்றால் அப்புறம் நிரந்தரம். ஒருவர் சொன்னாலும் இடம் போய்விடும்.

ஆகவே சுற்றியிருந்த நாற்பத்திரண்டு வீட்டுக் கதவையும் தானே தட்டினார். அதுவும் ஞாயிறு மூன்று மணிக்கு, ஏனென்றால் ஆட்டம் நடப்பது அப்போதுதான். கைக்குழந்தை உண்டா, படுக்கையில் யாராவது இருக்கிறார்களா, பரீட்சைக்குப் படிக்கிறார்களா என்று எல்லாம் கேட்டு அட்டையில் குறித்துக்கொண்டார். கிடங்கின் பின்சுவரை ஒட்டிய வீட்டில் மட்டும் கதவு திறக்கவில்லை. மூன்று ஞாயிறு போய்த் தட்டினார், திறக்கவில்லை. 'ஆள் இல்லை' என்று எழுதினார். ஆள் இல்லாத பக்கம்தானே பாதுகாப்பு என்று, அடிவயிற்றை அதிரவைக்கும் நான்கு பெரிய பேஸ் ஸ்பீக்கர் பெட்டிகளையும் அந்தச் சுவரோடு சேர்த்து வைத்தார்.

அந்த வீட்டில் ஒரு நர்ஸ் இருந்தார். வாரம் ஏழு நாளில் ஆறு நாள் நைட் டூட்டி. பகலில் ஒரு மணிக்குப் படுத்து ஆறரைக்கு எழுகிறவர்.

நான்காவது வாரம் அங்கே முதல் ஆட்டம் முடிந்ததும், தான் தூங்கும் நேரத்தையும் எழுதி அவர் நகராட்சிக்குக் கடிதம் போட்டார். மறுநாள் சாயங்காலம் ஆறரைக்கு டெஸ்ட் அக்கா அந்தக் கதவைத் தட்டியபோது, அது உடனே திறந்தது.

"நீங்க மூணு வாரம் தட்டினதும் கேட்டுச்சு" என்றார் நர்ஸ். "ஏதோ விக்க வந்திருக்காங்கன்னு தலகாணியைக் காதுல வச்சுக்கிட்டேன். அதுக்கப்புறம் தலகாணிக்கும் அடங்காத சத்தம். பீரோக் கதவு தானா ஆடுது. எமர்ஜென்சி வார்டும்மா நான். தூங்காம போயி ஒரு ஊசியை மாத்திப் போட்டேன்னா, யாரு பதில் சொல்றது?"

எனக்கு இதைச் சொல்லும்போது டெஸ்ட் அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார். "தினம் புதுசா சேர்ற பொண்ணுங்களுக்கு நான் சொல்லிக் குடுக்கறதே அதுதான். பட்டனை அமுக்கலைன்னா காது கேக்கலைன்னு எழுதிடாதே, உள்ளே ஆள் தூங்கியிருக்கும், எட்டிப் பாருன்னு. நானே எட்டிப் பாக்கலை பாருங்க."

ஏழு பேரும் கிடங்கில் கூடிப் பேசினார்கள். நானும் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். சத்தத்தைக் குறைத்துவிடலாமே என்றார் கணக்கு டீச்சர்.

"குறைச்சா அது ஆட்டம் இல்ல டீச்சர், ஆஸ்பத்திரி லிஃப்ட்ல போடற பாட்டு."

"அப்ப வேற இடம்தான் பாக்கணும்" என்றார் தையற்காரர்.

"பதினோரு இடம் பாத்தாச்சுண்ணே. இனிமே சுடுகாடுதான் பாக்கி."

அங்கேயென்றால் ஆட்சேபணை வராது என்று நான் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. டெஸ்ட் அக்கா எழுந்து புடவையை இழுத்துச் செருகிக்கொண்டார். "அந்தம்மா தூக்கமா நம்ம ஆட்டமான்னா, தூக்கம்தான். அதுல பேச்சே இல்ல. ஆனா ரெண்டும் சேர்ந்து நடக்காதுன்னு எவன் சொன்னான்?"

அவருடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஐந்து வருடமாக ஒரு தடவைகூட ஆடாதவர். "நான் ஏத்தி இறக்கற ஆளு, ஆடற ஆளு இல்ல" என்று சொல்லிக் கதவோரம் நிற்பவர். அவர்தான் வழி சொன்னார். "மேல லிஃப்ட் மோட்டாரை அப்படியே தரையில வச்சா மாடி வீட்டுக்காரன் நம்ம உசுரை எடுத்துடுவான். அடியில ரப்பர் கட்டை குடுப்போம். சத்தம் காத்துல போறதைவிடத் தரையிலயும் சுவர்லயும்தான் அதிகமா ஓடும்மா."

அவ்வளவுதான், மனைவி பிடித்துக்கொண்டார். தினமும் டூட்டி முடிந்ததும் கிடங்குக்கு வந்துவிடுவார். பெட்டிகள் எதிர்ச்சுவர் பக்கம் போயின. ஒவ்வொன்றுக்கும் அடியில் கம்பளச் சுருள், அதற்கும் அடியில் லிஃப்டுக்குப் போடும் ரப்பர் கட்டை. பின்சுவரில் காதை வைத்து முழங்காலில் நகர்ந்து நகர்ந்து, தரையோடு போகும் ஒரு தண்ணீர்க் குழாயைக் கண்டுபிடித்தார். அது சுவரைத் துளைத்துக்கொண்டு நேராக நர்ஸ் வீட்டுச் சமையலறைக்குள் போயிற்று. "இந்தத் திருடன்தான் எல்லாத்தையும் கொண்டு போயி அங்க ஊத்தியிருக்கான்" என்றார். குழாயைப் பிடித்திருந்த இரும்புக் கவ்விகளைக் கழற்றி, ரப்பர் சுற்றி, மறுபடி மாட்டினார்கள். பத்து நாள் இதே வேலை. ஒரு கை நகம் பிய்ந்துவிட்டது. அதைப் பற்றிக் கேட்டால், "எது?" என்கிறார்.

ஆனால் அந்த வீட்டுக்குள் கேட்கிறதா என்பதை அந்த வீட்டுக்குள் இருந்துதானே சொல்ல முடியும்? மறுபடியும் போய்க் கதவைத் தட்டினார்.

"ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை குடுங்க. உங்க முன்ரூம்ல நான் மூச்சுவிடாம உக்காந்திருக்கேன். நீங்க பாட்டுக்குத் தூங்குங்க. சத்தத்துல முழிச்சுட்டீங்கன்னா அங்கயே போன் பண்ணி நிறுத்திடறேன். அன்னிக்கே கிடங்கைக் காலி பண்ணிடறோம். முழிக்கலைன்னா கடுதாசியை வாபஸ் வாங்கிக்கணும்."

நர்ஸ் யோசித்தார். "நான் பாட்டுக்குத் தூங்கிட்டா, அங்க நீங்க சத்தத்தைக் குறைச்சு வச்சு ஏமாத்தலைன்னு யாரு சொல்றது?"

"பத்திரிகைக்காரர் ஒருத்தர் என் பின்னாடியே சுத்திக்கிட்டு இருக்காரு. அவரைக் கூட்டிட்டு வர்றேன்."

இப்படியாக, நானூறு பேர் ஆடுவதைப் பார்த்து எழுதப் போன நான், ஒரு சாத்திய படுக்கையறைக் கதவைப் பார்த்துக்கொண்டு நான்கு மணி நேரம் உட்கார விதிக்கப்பட்டேன்.

அது அவர்களுடைய ஐந்தாம் ஆண்டு நிறைவு ஞாயிறு. மூன்று மணிக்குக் கிடங்கில் நின்று முதல் பாட்டைக் கேட்டேன். சட்டைப் பொத்தான்கள் நெஞ்சில் அதிர்ந்தன. குறைத்து வைக்கவில்லை, அதற்கு நான் சாட்சி. பிறகு தெருவைச் சுற்றிக்கொண்டு நர்ஸ் வீட்டுக்குப் போனேன். டெஸ்ட் அக்கா செருப்பை வாசலிலேயே விட்டிருந்தார். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் நிரப்பி, கிடங்கை ஒட்டிய சுவரோரம் தரையில் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் அசையவில்லை. மின்விசிறி சுற்றும் ஓசையும் பிரிட்ஜ் முனகலும்தான் கேட்டன. அவர் அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார், சமையலறைக் குழாயைத் தொட்டுப் பார்ப்பார், திரும்பி வந்து உட்காருவார்.

நாலரைக்கு டீச்சரிடமிருந்து செய்தி வந்தது. என்னிடம் காட்டினார். 'நானூத்திப் பத்து. இடம் இல்ல. கதவைச் சாத்திட்டோம்.' கூடவே ஒரு போட்டோ, முழுக்கத் தூக்கிய கைகள். ஐந்து வருடத்தில் அவர் இல்லாமல் நடக்கும் முதல் ஆட்டம் அது. அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

ஐந்து மணிக்குத் தையற்காரர் முறை. இருக்கிறவர்களில் அவர் கைதான் கனம். மேல்கூரை அட்டை விழுந்ததும் அவர் இசை போட்டபோதுதான். அக்காவின் முகம் வெளிறிவிட்டது. டம்ளருக்கு இன்னும் நெருங்கி உட்கார்ந்தார்.

ஐந்தேகால். உள்ளே தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

அக்கா போனை எடுத்துவிட்டார். தையற்காரரின் பெயர் திரையில் வந்திருந்தது, கட்டைவிரல் அதன் மேல் நின்றது. சொன்ன சொல்லிலிருந்து பின்வாங்குகிற ஆளில்லை. நர்ஸ் கலைந்த தலையோடு வந்தார். எங்களைக் கவனித்தாரா என்றே தெரியவில்லை. பிரிட்ஜைத் திறந்து, பாட்டிலை எடுத்து, அண்ணாந்து தண்ணீர் குடித்தார். மூடியைத் திருகிக்கொண்டே திரும்பினார்.

"மணி என்ன?"

"அஞ்சேகால்" என்றார் அக்கா.

நர்ஸ் கொட்டாவி விட்டார். "ஏன், இன்னும் ஆரம்பிக்கலையா?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கட்டில் ஒரு முறை கிரீச்சிட்டது. பிறகு ஒன்றுமில்லை.

டெஸ்ட் அக்கா போனை மெல்லக் கீழே வைத்தார். முகத்தைப் புடவைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தார். எழுந்து கிடங்குப் பக்கச் சுவர் அருகில் போய்க் கண்ணை மூடிக்கொண்டார். அங்கே என்ன பாட்டு ஓடுகிறது என்று அவருக்குத் தெரியும். தையற்காரர் எந்த இடத்தில் எதைச் சேர்ப்பார் என்பதும் மனப்பாடம். முதலில் கால் கட்டைவிரல் அசைந்தது, பிறகு குதிகால், பிறகு தோள். அந்த அமைதியான வீட்டில், துளி ஓசை இல்லாமல், வெறுங்காலோடு ஆடினார். என்னால் சிரிக்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

ஆடி நின்றதும் கண்ணைத் திறந்து அறையைச் சுற்றிப் பார்த்தார். பழக்கத்தில் இரண்டு கைகளும் தட்டுவதற்கு உயர்ந்தன. சாத்தியிருந்த கதவைப் பார்த்தார். ஒன்றையொன்று தொட ஒரு விரல்கடை இருக்கும்போதே கைகளை நிறுத்திக்கொண்டார்.