கடல் தொங்கிய தெரு

சரயேவோ நகரில் ஒரு நாடக அரங்கின் அடித்தளத்தில் ஷெம்சா கடல் வரைந்துகொண்டிருந்தாள். பெரிய கித்தானைத் தரையில் விரித்துப்போட்டு, வெறுங்காலோடு அதன்மேல் நடந்து, துடைப்பக்கட்டை நீளத் தூரிகையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, முற்றத்துத் தண்ணீரைத் தள்ளிவிடுகிற மாதிரி நீலத்தைத் தள்ளிக்கொண்டே போவாள். அரங்கில் படுதா வரைபவள் அவள்தான். காடு, அரண்மனை, ரயில் நிலையம் என்று எத்தனையோ வரைந்திருந்தாலும் கடல் வரைவது அதுதான் முதல் தடவை. மாலுமியின் மனைவி ஒருத்தியைப் பற்றிய நாடகம். ஏப்ரலில் அரங்கேற்றம் என்று சுவரொட்டிகூட ஒட்டியாகிவிட்டது.

மேடைக் கயிறுகளைப் பார்த்துக்கொள்ளும் ஆந்தோ படிக்கட்டில் உட்கார்ந்து சிகரெட் பிடித்தபடி வேடிக்கை பார்ப்பான்.

"ஏ ஷெம்சா, ரொம்ப உள்ள போகாதடி. உனக்கு நீச்சல் தெரியாது."

"உனக்கு மட்டும் தெரியுமாக்கும்? போன வருஷம் கிராதாட்ஸ் கடல்ல முழங்கால் தண்ணிக்கே கத்துனியே."

"அது தண்ணி சில்லுனு இருந்துச்சுன்னு கத்துனேன்."

கிராதாட்ஸில் அரங்கத்துத் தொழிற்சங்கத்துக்கு ஒரு விடுதி இருந்தது. கோடை வந்தால் எல்லோரும் அங்கே போய்விடுவார்கள். ஷெம்சா வரைந்தது அந்தக் கடலைத்தான். காலை ஏழு மணிக்கு, இன்னும் யாரும் இறங்காத கடல். அடிவானத்தில் நீலமும் வெள்ளையும் சேருகிற இடம் மட்டும் அவளுக்குச் சரியாகவே வரவில்லை. வரைவாள், அழிப்பாள், மறுபடி வரைவாள். கடைசியில் ஒருநாள் அது தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டது.

ஏப்ரல் வந்தது. கூடவே போரும் வந்தது. நாடகம் அரங்கேறவில்லை.

அடுத்த வருஷத்துப் பனிக்காலத்தில் நகரத்தில் மரங்கள் குறைந்துபோயின. பூங்காவில் இருந்தவற்றை ஜனங்கள் வெட்டி அடுப்பில் வைத்துவிட்டார்கள். சுற்றியிருந்த மலைகளிலிருந்து துப்பாக்கிகள் தெருக்களைப் பார்த்துக்கொண்டே இருந்தன. ஷெம்சா குடியிருந்த தெருவின் முனையில் ஒரு குறுக்குச் சாலை. அந்த ஒரு சாலை மட்டும் மலைக்கு நேராகத் திறந்து கிடந்தது. தண்ணீர் பிடிக்கப் போகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையிலும் கேனோடு, குனிந்து ஓடுவார்கள். குறி பார்ப்பவர்களின் கண்ணை மறைக்க யாரோ போர்வைகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார்கள். காற்று ஒரே வாரத்தில் அவற்றைக் கிழித்துப்போட்டது.

"நம்ம கடல் சும்மாதானே சுருண்டு கிடக்கு," என்றான் ஆந்தோ.

ஷெம்சா அவனை முறைத்தாள். "அது நாடகத்துக்கு."

"நாடகம் பாக்க வர்ற ஜனம் முதல்ல உயிரோட இருக்கணும்ல?"

அவள் படுதாவின் ஒரு முனையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். மூடுபனி கவிந்த ஒரு விடியலில், மலை தெரியாத நேரமாகப் பார்த்து, இருவரும் அதை இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஏற்றிக் கட்டினார்கள். வரைந்த பக்கம் தெருவைப் பார்த்திருந்தது. எந்தப் பக்கம் எங்கே இருக்க வேண்டும் என்று அவள் அப்போது யோசிக்கவே இல்லை. படுதா என்றால் பார்ப்பவர்கள் பக்கம்தான் அதற்கு முகம்.

பனி விலகியபோது தெரு முனையில் கடல் இருந்தது.

எதிர்வீட்டு ஃபாஹ்ரா கேன்களோடு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்த்தவள், வாய் நிறையப் பேசுகிறவள். "அடிப்பாவிங்களா! நான் தண்ணிக்காக மேடேறிப் போய்க்கிட்டு இருக்கேன், நீங்க இங்க இவ்ளோ தண்ணிய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கீங்க!"

"உப்புத் தண்ணி ஃபாஹ்ரா. காப்பி நல்லா இருக்காது," என்றான் ஆந்தோ.

"காப்பித்தூளை நீ குடு, உப்பை நான் பாத்துக்கறேன்."

அன்றிலிருந்து அந்தக் குறுக்குச் சாலைக்கே ஒரு தனிக் களை வந்துவிட்டது. காற்றடித்தால் அலை புரளும். வெயில் பட்டால் மேல்விளிம்பு மினுங்கும். குண்டு துளைத்த இடங்களில் வானம் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். மூடுபனி வரும் நாட்களில் ஷெம்சா ஏணிபோட்டு ஏறி ஓட்டைகளைத் தைத்து, மேலே கொஞ்சம் நீலம் தடவிவிட்டு இறங்குவாள். வயிற்றுக்குச் சோறும் டப்பா மீனும் மட்டுமே போய்க்கொண்டிருந்த அந்த மாதங்களில், கண்ணுக்கு வேறு ஏதோ கிடைத்ததுபோல் இருந்தது ஜனங்களுக்கு. வெட்டுக்காயம் பட்டதுபோல் ஒடுங்கிக்கிடந்த முகங்கள் அந்தப் படுதாவைத் தாண்டும்போது கொஞ்சம் தளர்ந்தன. சிலர் கேன்களைக் கீழே வைத்துக் கை மாற்றிக்கொண்டார்கள். ஒரு ஜோடி கைகோத்து நடந்துபோனதையும் அவள் பார்த்தாள்.

அதைப் பார்த்த நாளிலிருந்து அவள் வாசலைவிட்டு நகரவில்லை.

"ஓடுங்க! நிக்காதீங்க! அது வெறும் துணி!" வாசலில் நின்று கத்துவாள். துணி கண்ணைத்தான் மறைக்கும், குண்டைத் தடுக்காது. மலையில் இருந்தவர்களுக்கும் அது தெரியும். தோன்றும்போதெல்லாம் குத்துமதிப்பாகச் சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

மார்ச் மாதத்து மதியம் ஒன்றில் ஆந்தோ ரொட்டியோடு வந்துகொண்டிருந்தான். சாலையின் நடுவே, படுதாவின் மறைவில், அவன் நின்றதை ஷெம்சா வாசலிலிருந்து பார்த்தாள். ஏன் நின்றான் என்று தெரியவில்லை. தலை கடலின் பக்கம் திரும்பியிருந்தது. கத்துவதற்கு அவள் வாயைத் திறந்தபோது சத்தம் கேட்டது. ஆந்தோ உட்கார்வதுபோல் மெதுவாகத் தரையில் சரிந்தான்.

ஃபாஹ்ராவும் அவளுமாக அவனை இழுத்து வந்தார்கள். தொடையில் பட்டிருந்தது. "ரொட்டி நனையாமப் பாத்துக்க," என்று மட்டும் சொன்னான். பிழைத்துக்கொண்டான். ஆனால் கால் சரியாக வரவில்லை. கோடையில் காயம்பட்டவர்களை ஏற்றிப்போன ஊர்திகளில் ஒன்றில் அவனையும் அனுப்பினார்கள். போய்ச் சேர்ந்தது ஸ்வீடனில், கோத்தன்பர்க்கில். அங்கேயே தங்கிவிட்டான்.

அவன் விழுந்ததற்கு அடுத்த மூடுபனி விடியலில் ஷெம்சா தனியாகவே ஏணியில் ஏறினாள். கயிறுகளை அவிழ்த்து, படுதாவைத் திருப்பிக் கட்டினாள். கடல் இப்போது மலையைப் பார்த்தது. தெருவின் பக்கம் அழுக்குப் பழுப்பு முதுகு மட்டும்தான்.

ஃபாஹ்ரா கோபப்பட்டாள். "ஒரே ஒரு நல்ல சாமான் இருந்துச்சு, அதையும் அவனுங்களுக்குக் குடுத்துட்டியேடி."

"இப்ப ஓடுவீங்க இல்ல," என்றாள் ஷெம்சா.

ஓடினார்கள். மலையில் இருந்தவர்கள் கடலைப் பார்த்தார்களா, பார்த்து என்ன நினைத்தார்கள் என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது. சுடுவது கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அடுத்த இலையுதிர்காலத்தில் ஒரு காலை அந்தப் படுதா அங்கே இல்லை. வீட்டுக் கூரை போன எவரோ கழற்றிக்கொண்டு போயிருக்கலாம்.

போர் முடிந்து அரங்கம் திறந்தது. ஷெம்சா மறுபடி காடும் அரண்மனையும் வரைந்தாள். கடல் வேண்டும் என்று இயக்குநர் யாராவது கேட்டால் விளக்கு வைத்துச் சமாளித்துக்கொள்ளச் சொல்லிவிடுவாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்ற பிறகு காலையில் ஃபாஹ்ராவோடு காப்பி, மாலையில் ஆற்றங்கரையில் நடை என்று நாட்கள் போயின. புதுவருஷத்துக்கு ஆந்தோ தொலைபேசுவான். சுகம் விசாரிப்பார்கள், ஒருவரை ஒருவர் கிண்டல் செய்வார்கள். அந்த மதியத்தைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அப்படி இருக்கும்போதுதான் டிங்காரா வந்தாள். லூப்லியானா நகரத்துக்காரி, முப்பதைத் தாண்டாதவள், சொந்தமாகப் படம் எடுக்க வேண்டும் என்று அலைபவள். கடல் படுதாவைப் பற்றி எங்கோ ஒரு வரி படித்துவிட்டு, தெருத்தெருவாக விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

"ஷெம்சா அத்தை, உங்களப் பத்தித்தான் படம்."

"என்னப் பத்தியா? நான் ஏணியில ஏறுனேன், இறங்குனேன். அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும் உன் படம்."

அந்தப் படம் ஐந்து வருஷமாகியும் ஆரம்பிக்கவில்லை. ஒவ்வொரு கோடையிலும் நகரத்தில் திரைப்பட விழா நடக்கும்போது டிங்காரா வருவாள், புதிதாக எழுதிய கதையோடு. பணம் போட நாலு நாட்டுக்காரர்கள் சேர வேண்டும். ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். பிரஸ்ஸல்ஸ்காரருக்குக் காதல் வேண்டும். அதனால் ஒரு வருஷம் ஷெம்சாவும் ஆந்தோவும் காதலித்தார்கள். அடுத்த வருஷம் வேறு யாரோ கேட்டதால் அவளுக்கு ஒரு மகள் பிறந்தாள், அதற்கடுத்த வருஷம் இறந்தும் போனாள்.

"போன வருஷம் வரைக்கும் நல்லாத்தானே இருந்தா எம்பொண்ணு?" என்று ஷெம்சா நிஜமாகவே வருத்தப்பட்டாள்.

எல்லாக் கதையிலும் ஒன்று மட்டும் மாறவில்லை. கடல் கடைசிவரை தெருவைப் பார்த்தே இருந்தது. ஒருநாள் காப்பி குடிக்கும்போது ஷெம்சா அதைச் சொன்னாள். திருப்பிக் கட்டியதை, ஏன் கட்டினாள் என்பதை. ஃபாஹ்ரா பக்கத்தில் இருந்தாள். தெரு முழுக்கத் தெரிந்த விஷயம்தான். டிங்காரா கேட்டதில்லை, அதனால் யாரும் சொன்னதில்லை.

டிங்காரா கையிலிருந்த கதைத்தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தாள். அந்த இலையுதிர்காலத்தில் அவள் கோத்தன்பர்க்குக்குப் போனாள். அங்கிருந்து ஒரு காலை கைபேசியில் கூப்பிட்டாள். திரையில் ஆந்தோ. முடியெல்லாம் வெளுத்து, கன்னம் உப்பி, பின்னால் ஜன்னலில் மழை.

"என்னடி, கிழவியாயிட்ட?"

"நீ மட்டும் மாப்பிள்ளை மாதிரி இருக்கியாக்கும்."

ஆந்தோ சிரித்தான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டான். "இந்தப் பொண்ணு சொல்லுச்சு. நான் கடலப் பாத்துக்கிட்டு நின்னேன்னு நீ இத்தனை வருஷமா நெனச்சுக்கிட்டு இருக்கியாமே."

ஷெம்சா கைபேசியை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

"பூட்ஸ் கயிறு அவுந்துபோச்சு ஷெம்சா. குனியலாமா வேண்டாமான்னு யோசிச்சுக்கிட்டு நின்னேன். அவ்ளோதான். உன் கடலும் வேண்டாம், கிடலும் வேண்டாம்னு இருந்தேன் நான்."

"கயிறா?"

"கயிறுதான். ஊருக்கெல்லாம் முடிச்சுப் போட்டவன், சொந்தக் கயிற்றக் கட்டாம விட்டுட்டேன். வெளிய சொல்ல வெக்கமா இருக்காதா?"

அந்தப் பனிக்காலம் முழுக்க ஆந்தோ போட்டுத் திரிந்தது அரங்கத்து உடையறையிலிருந்து எடுத்த குதிரைவீரன் பூட்ஸ் என்றுதான் ஷெம்சாவுக்கு ஞாபகம். முழங்கால்வரை வரும், காலை நுழைத்தால் போதும், அதில் கயிறே கிடையாது. மார்ச்சில் வேறு ஏதாவது போட்டிருந்தானோ என்னவோ. கேட்கலாம் என்று வாய்வரை வந்தது. திரையில் அவன் முகத்தைப் பார்த்தாள். அவள் என்ன சொல்லப்போகிறாளோ என்று கண் இமைக்காமல் காத்துக்கொண்டிருந்தான்.

"எருமை," என்றாள். "கயிற்றக் கட்டிக்கிட்டு வந்திருக்கலாம்ல?"

"வந்திருக்கலாம்தான்," என்றான் ஆந்தோ. இரண்டு பேரும் சிரித்தார்கள். கைபேசியை வைத்த பிறகு ஷெம்சா போய் முகம் கழுவிக்கொண்டாள்.

அடுத்த கோடையில் பணம் போடுகிறவர்களுக்குக் காட்டுவதற்காக ஒருநாள் மட்டும் சோதனையாகப் படம் பிடிக்க டிங்காராவுக்கு வழி பிறந்தது. படுதா வேண்டும். யாரை வைத்து வரையலாம் என்று அவள் தயங்கித் தயங்கிக் கேட்டதும், ஷெம்சா எழுந்து பழைய தூரிகையைத் தேடப் போனாள். முழங்கால் வலியோடு, அரங்கத்து அடித்தளத்தில், கித்தானின் மேல் பதினைந்து நாள் நடந்தாள். முடிந்ததும் அதைப் புரட்டிப் போடச் சொன்னாள். மறுபக்கத்திலும் கடலையே வரைந்தாள்.

மூடுபனி இல்லாத, வெயில் மெதுவாக இறங்கிவந்த காலையில், தெரு முனையில் கடல் ஏறியது. டிராம் வண்டி தூரத்தில் மணியடித்துக்கொண்டு போயிற்று. ஜனங்கள் கூடினார்கள். இளசுகள் படுதாவுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பொழுதுக்கு, நகரம் தன் மலைகளிலிருந்து கழன்று எங்கேயோ கரையோரமாக மிதந்து போய் நின்றதுபோல் இருந்தது ஷெம்சாவுக்கு.

ஒளிப்பதிவாளர் பாட்டரி மாற்றிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துக் கடையிலிருந்து வந்த ஃபாஹ்ரா குறுக்குச் சாலையின் ஓரத்தில் நின்றாள். கடலைப் பார்த்தாள். சட்டென்று தலையைக் குனிந்துகொண்டு, எழுபது வயதில், பையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு ஓடினாள். நடுச்சாலையில்தான் தன்னை உணர்ந்து நின்றாள். மூச்சு வாங்கியது. சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

ஷெம்சா வாசலிலிருந்து இறங்கினாள். யாரும் அவளை அழைக்கவில்லை. நேராகப் போய் ஃபாஹ்ராவின் கையைப் பிடித்தாள்.

"வா, நடக்கலாம்."

"கால் நடுங்குதுடி."

"நடுங்கட்டும். மெதுவா வா."

படுதாவை ஒட்டியே இருவரும் நடந்தார்கள். பாதி தூரத்தில் ஷெம்சா நின்றாள். அந்தச் சாலையின் நடுவில் அவள் நின்றது வாழ்க்கையிலேயே அப்போதுதான். காற்று கித்தானுக்குள் புகுந்து அலையை அவர்கள் தோள்வரை தள்ளிக்கொண்டு வந்தது. ஃபாஹ்ரா கையை நீட்டி அதைத் தொட்டாள்.

"இன்னும் காயலடி," என்றாள். விரல் நுனியில் நீலம் ஒட்டியிருந்தது.

டிங்காரா ஓடிவந்தாள். "அய்யோ, காமிரா ஓடலையே! ஃபாஹ்ரா அத்தை, இன்னொரு தடவை அதே மாதிரி ஓடுவீங்களா?"

"ஓடறதா? போடி வேலையப் பாத்துக்கிட்டு! வீட்டுல பீன்ஸ் வேகுது எனக்கு."

படம் இன்னும் எடுக்கப்படவில்லை. சோதனைக் காட்சியைப் பார்த்த டேன்மார்க்காரர் சேர்ந்தார், பிரஸ்ஸல்ஸ்காரர் விலகினார். இப்போதைய கதையில் காதலும் இல்லை, மகளும் இல்லை. ஆந்தோவின் பூட்ஸ் கயிறு மட்டும் இருக்கிறது. அதை யாராவது நீக்கச் சொன்னால் படமே வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக டிங்காரா தொலைபேசியில் சொன்னாள். ஷெம்சா தக்காளி நறுக்கிக்கொண்டே கேட்டுவிட்டு, குளிருக்கு முன்னால் ஒருமுறை வந்துவிட்டுப் போ, மிளகாய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறேன் என்றாள்.