ஓடக் கூடாத தெரு

எண்ணூர்ப் பந்தயத்தில் நான் ஓடவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோப்பை வாங்கினேனா இல்லையா என்று கடைசிவரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். பன்னிரண்டு வாரப் பயிற்சியில் ஒன்பதாவது வாரம்வரை வந்தேன், அவ்வளவுதான்.

ஐம்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்து மூன்று வயது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, ராயபுரத்தில் என் தாய்மாமாவின் மளிகை மொத்தக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கடையில் எல்லாம் மாமாவுடையது. என் பெயர்கூட அங்கே ‘மருமவன்’தான். பள்ளிக்கூடத்தில் நன்றாக ஓடுவேன் என்பது ஒன்றுதான் எனக்கென்று இருந்தது. அதையும் மறந்திருந்த சமயத்தில், ராயபுரத்திலிருந்து எண்ணூர் போய்த் திரும்பும் ஓட்டப் பந்தயம் என்று ஒரு சங்கத்தார் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அன்றைக்கே பெயர் கொடுத்துவிட்டேன்.

மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் கடையில் நெடுந்தூர ஓட்டத்தைப் பற்றி ஒரு வெள்ளைக்காரன் எழுதிய புத்தகம் கிடைத்தது. பன்னிரண்டு வாரம், எந்த நாள் எத்தனை மைல் என்று அட்டவணை போட்டிருந்தான். காலையில் மாட்டிறைச்சியும் பாலும் முட்டையும் சாப்பிடச் சொல்லியிருந்தான். எனக்கு வாய்த்தது பழைய சோறும், மாமா அந்தப் பக்கம் திரும்பியபோது அள்ளிய ஒரு பிடி வேர்க்கடலையும். அட்டவணையை மட்டும் ஒரு தாளில் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

நான் குடியிருந்த தெருவில் முக்கால்வாசிப் பேர் ஹார்பர் கூலிகள். ஒரு வீட்டில் நாலைந்து போர்ஷன். என் அறைக்குப் பக்கத்துப் போர்ஷனில் ஒரு புருஷனும் பெண்சாதியும் இருந்தார்கள். அவர் கப்பலின் அடித்தட்டில் மூட்டை அடுக்குகிறவர். அவரை அண்ணன் என்றும் அந்த அம்மாளை அக்கா என்றும் கூப்பிடுவேன்.

முதல் நாள் விடியற்காலை அரை டிராயர் போட்டுக்கொண்டு வாசலிலிருந்தே ஓட ஆரம்பித்தேன். வெறுங்கால் மண்ணில் தப்தப்பென்று விழுந்தது. ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் திறந்தது. பெண்கள் வாசலுக்கு வந்து நின்று என்னையே பார்த்தார்கள். நம் ஓட்டத்தைப் பார்க்கத்தான் எழுந்து வருகிறார்கள் என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இன்னும் வேகமாக ஓடினேன். நாலு நாள் இப்படியே ஓடினேன். அந்த நாலு நாளும் எனக்கிருந்த மிதப்பை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

ஐந்தாம் நாள் ஓடிவிட்டுத் திரும்பியபோது அக்கா குழாயடியில் குடத்தோடு நின்றிருந்தாள்.

“தம்பி, நீ ஓடறதுன்னா வேற எங்கியாவது போய் ஓடு. இந்தத் தெருவுல ஓடாத.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். அப்போதும் வந்தது. “தெரு என்ன உங்க பாட்டன் சொத்தா?” என்று கேட்டேன். ஆமாம், அப்படித்தான் கேட்டேன்.

அவள் சண்டைக்கு வரவில்லை. குடத்தைக் கீழே வைத்தாள்.

“ஹார்பர்ல எவனுக்காவது எதுனா ஆச்சின்னா, அங்கேருந்து ஒரு ஆள் ஓடியாருவான். எந்த வூட்டாண்ட வந்து நிக்கிறானோ அந்த வூடு போச்சு. எங்க நைனா போன அன்னிக்கு அப்படித்தான் ஒருத்தன் ஓடியாந்தான். நான் இத்தினிகூண்டு. எங்க வூட்டாண்ட வந்து நின்னான். இந்தத் தெருவுல வேற எதுக்கும் எவனும் ஓட மாட்டான். நைட் ஷிப்ட் போன ஆம்பளைங்க இன்னும் வூடு வந்து சேரல. நீ தபதபன்னு ஓடியாற. நீ எங்க வூட்ட தாண்டிப் போற வரிக்கும் நாங்க மூச்சு வுடாம நின்னுகினு கீறோம், தம்பி.”

அந்தக் கதவுகள் எதற்காகத் திறந்தன என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை. இனிமேல் இந்தத் தெருவில் ஓட மாட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

அதன்பிறகு வீட்டிலிருந்து தெருமுனையில் விறகு விற்கிற தொட்டிவரை நடப்பேன். தொட்டியைத் தாண்டிய பிறகுதான் ஓட்டம். கடற்கரைச் சாலையோடு காசிமேடு, தண்டையார்ப்பேட்டை, பிறகு திருவொற்றியூர் என்று வாரத்துக்கு வாரம் தூரம் கூடியது. திரும்பும்போதும் தொட்டியடியில் நின்று, மூச்சு அடங்கியதும் நடந்து வருவேன். அண்ணனுக்கு என் ஓட்டத்தில் ஒரே வேடிக்கை. “எண்ணூர் வரிக்கும் ஓடறியே, அங்க இன்னா பொண்ணு பாத்து வச்சிகீறியா?” என்பார். பந்தயத்தன்று சோடா பாட்டிலோடு சைக்கிளில் பின்னாலேயே வருவதாகச் சொல்லியிருந்தார். அந்த ஊரில் என்னை ஓட்டக்காரனாக நினைத்த முதல் ஆள் அவர்தான். ஹார்பரில் தன் கூட்டாளிகளிடமெல்லாம் என்னைப் பற்றிச் சொல்லிவைத்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒன்பதாவது வாரம், ஒரு முற்பகல். கடைக்கு வந்த பேரீச்சம்பழ மூட்டைகளைப் பார்த்து எடுக்க ஹார்பர் ஷெட்டுக்குப் போயிருந்தேன். கப்பல் பக்கம் திடீரென்று கூச்சல் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அண்ணனுடைய மேஸ்திரி ஷெட்டுக்குள் வந்தார். யாரை அனுப்பலாம் என்று தேடியவர் என்னைப் பார்த்ததும் நின்றார்.

“எண்ணூர் ஓட்டக்காரன் நீதான?”

ஆமாம் என்றேன். பாரம் தூக்கும் கயிறு அறுந்து மூட்டைகள் அண்ணன்மேல் விழுந்துவிட்டன என்றார். “நெனவு கீது. சம்சாரத்த கேக்கறான். லாரில ஆஸ்பத்திரிக்கு எடுத்துகினு போறோம். ரொம்ப நேரம் தாங்காதுப்பா. நீ போய் அந்தம்மாவ இட்டாந்துடு.”

செருப்பை அங்கேயே விட்டேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். ஹார்பர் கேட்டிலிருந்து எங்கள் தெரு இரண்டு மைல் இருக்கும். எடுத்த எடுப்பிலேயே வேகமாக ஓடாதே என்று புத்தகம் சொல்லியிருந்தது. அதெல்லாம் நினைவில் இல்லை. மாட்டு வண்டிகளுக்கும் லாரிகளுக்கும் நடுவே புகுந்து ஓடினேன். மூச்சு திணறவில்லை, கால் இழுக்கவில்லை. ஒரு மைல் தாண்டியபோது, எவ்வளவு நன்றாக ஓடுகிறோம் என்று எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அந்த நேரத்தில் வந்தது. இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

விறகுத் தொட்டி வந்ததும் கால்கள் பழக்கத்தில் தாமாகவே நின்றுவிட்டன. நடந்து போனால் தெருவில் யாரும் பதற மாட்டார்கள். ஆனால் நேரம் போகும். அண்ணன் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஓடினேன்.

கதவுகள் திறந்தன. உலை வைத்துக்கொண்டிருந்தவர்கள், துணி பிழிந்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஒவ்வொரு வாசலாகத் தாண்டினேன். தாண்டத் தாண்ட முதுகுக்குப் பின்னால் அவர்கள் மூச்சு விட்டது எனக்குத் தெரிந்தது. காதில் கேட்டதா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அக்கா வாசலில் குந்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை தூக்கிப் பார்த்தவளுக்குக் கோபம் வந்தது.

“இன்னா தம்பி, அவ்ளோ சொல்லியும் ஓடியாற? பட்டப்பகல்ல?”

நான் பயிற்சிக்கு ஓடுகிறேன் என்று நினைத்துவிட்டாள். அந்தத் தெருவில் ஓடி வருகிறவனைப் பார்த்துப் பயப்படாத ஒரே ஆள் அன்றைக்கு அவள்தான். அவள் வீட்டு முன்னால் அப்படியே நின்றேன்.

அவள் என் வேட்டியைப் பார்த்தாள். பிறகு என் காலைப் பார்த்தாள். தார் ரோட்டில் கொப்புளித்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அரிவாள்மனையை மெள்ளச் சாய்த்து வைத்தாள்.

“கீறாரா?”

“கீறாரு அக்கா. ஆஸ்பத்திரில. உங்களைக் கேட்டாரு.”

அவள் கை கழுவவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். எங்கள் தெருவில் ஒரு பெண் ஓடி நான் பார்த்தது அது ஒன்றுதான். ஒன்பது வாரம் பயிற்சி எடுத்த என்னால் அவளைப் பிடிக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிவரை அவள் முன்னால் போக, நான் பின்னால்தான் ஓடினேன். வாழ்க்கையில் நான் கடைசியாக ஓடியதும் அதுதான். பந்தயத்தன்று கடையில் பருப்பு மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். சுவரிலிருந்த அட்டவணையை அதற்கு முன்பே கிழித்துப் போட்டிருந்தேன்.

அண்ணன் அன்று விளக்கு வைக்கும் நேரம்வரைதான் இருந்தார். நாங்கள் போனபோது கழுத்துவரை போர்த்தியிருந்தார்கள். அக்கா கட்டில் பக்கத்தில் போய் நின்றாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. செதில் ஒட்டிய கையால் அவர் நெற்றியைத் தொட்டாள். அவர் கண்ணைத் திறந்து, இரைக்க இரைக்க நிற்கிற அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இன்னாமே, எதுக்கு இப்டி ஓடியாந்த?” என்றார்.

“சும்மாத்தான்” என்றாள் அக்கா.