ரப்பர் பேண்ட் இல்லை, ஸ்பிரிங்

போன வாரம் கிழக்குத் தாம்பரத்தில் பேருந்தைவிட்டு இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. குடையின் பொத்தானை அமுக்கினேன். ஒரு பக்கம் விரிந்தது, மறுபக்கம் மாட்டேன் என்றது. வேறு யாராக இருந்தாலும் குடை விற்றவனைத் திட்டியிருப்பார்கள். என் மனதுக்குள் ஓடியதோ வேறு. தண்டு 10, பொத்தான் 12, கம்பி 14, துணி 16. கம்பி 14 வளைந்திருக்கிறது. நடுத்தெருவில் தொப்பலாக நனைந்துகொண்டே குடைக்கு எண் போட்டுக்கொண்டிருந்தேன்.

இது ஒரு வியாதி. மிக்ஸியைப் பார்த்தால் மூடிக்கு ஓர் எண், ஜாருக்கு ஓர் எண் என்று தானாக முளைத்துவிடும். வீட்டில் மனைவி "அந்த டப்பா மூடி எங்க?" என்று கேட்டால், "எது, இருபத்திரண்டா?" என்று நாக்கு நுனி வரை வந்து நிற்கும். எல்லாம் இரட்டைப்படை எண்கள்தான். பிற்பாடு நடுவில் ஒரு திருகாணி சேர்க்க வேண்டி வந்தால் இடம் வேண்டுமல்லவா, அதற்காக. காப்புரிமை விண்ணப்பங்களுக்குப் படம் போட்டுப் பிழைத்தவனுக்கு இந்தப் பழக்கம் ஆயுசுக்கும் போகாது போலிருக்கிறது.

காப்புரிமை அலுவலகம் என்றதும் தூண் வைத்த அரசாங்கக் கட்டடத்தை நினைத்துவிடாதீர்கள். குரோம்பேட்டையில் ஒரு பேக்கரியின் மாடியில் இரண்டு அறை, அவ்வளவுதான். யாராவது புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால், அது என்னுடையது என்று உரிமை கேட்டு அரசாங்கத்துக்கு விண்ணப்பம் போட வேண்டும். அதை எழுதித் தருவது அந்த அலுவலகத்தை நடத்திய மேடத்தின் தொழில். பொறியியல் படித்துவிட்டு அதற்கென்று தனியாகத் தேர்வும் எழுதியவர். நான் டிப்ளமோ மெக்கானிக்கல். கம்ப்யூட்டரில் படம் போட்டு, பாகங்களுக்கு எண் போடுவது என் வேலை. சாயங்காலம் கீழே தேங்காய் பன் வெந்து வரும்போது படிக்கட்டு வழியாக வாசனை மேலே ஏறும். கண்டுபிடிப்பாளர்கள் சொல்லிவைத்தாற்போல அந்த நேரத்துக்குத்தான் வருவார்கள். இன்றைக்கும் எங்காவது தேங்காய் பன் வாசனை வந்தால் எனக்கு அறிவியல் முன்னேறுவது போல ஒரு பிரமை.

வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு ரகம். பல்லாவரத்து மெக்கானிக் ஒருவர் ஹெல்மெட்டுக்குள் குட்டி ஃபேன் பொருத்திக் கொண்டுவந்தார். "போட்டுப் பாரு சார், உள்ள ஊட்டி மாதிரி கீது" என்றார். போட்டேன். ஃபேன் என் முடியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டது. கத்தரிக்கோல் வைத்து வெட்டித்தான் என்னை மீட்டார்கள். "அத்த ரெண்டாவது மாடல்ல பாத்துக்கலாம், நீ பேஜார் ஆவாத" என்று அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார். பீர்க்கன்கரணையிலிருந்து வந்த சாஃப்ட்வேர்காரர் ஒருவர், ஃப்ரிட்ஜில் தோசை மாவு தீரப்போனால் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் நிரல் எழுதியிருந்தார். வீட்டில் கேட்டாலே தெரிந்துவிடுமே என்றேன். "நான் எதையும் கேக்கறதே இல்லன்னு அவங்க சண்டை போட்டாங்க. அதான் இத பண்ணேன்" என்றார். அவர் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது.

மேடத்துக்கு ஒரே ஒரு கட்டளைதான். விண்ணப்பம் பதிவாகும் வரை வாயைத் திறக்கக் கூடாது. பதிவுக்கு முன்னால் விஷயம் வெளியே போய்விட்டால் அது புதுசு இல்லை, பழசு. பழசுக்கு உரிமை கிடையாது. சொன்னவர் கண்டுபிடித்தவரே ஆனாலும் அதே கதிதான். வந்தவர்களிடம் மேடம் காபி வேண்டுமா என்று கேட்பதற்கு முன்னால் "யார்கிட்டயாவது சொன்னீங்களா?" என்றுதான் கேட்பார். நானும் வீட்டில் மூச்சுவிட மாட்டேன். என் அம்மா நான் ஏதோ வாரப் பத்திரிகையில் கார்ட்டூன் போடுவதாகவே நம்பிக்கொண்டிருந்தார். இப்படி ஒருத்தன் படம் போட்டும் ஒரு சிரிப்புகூட வருவதில்லையே என்று அக்கம்பக்கத்தில் வருத்தப்பட்டதாகக் கேள்வி.

இந்தக் கட்டளைக்கு உயிரைக் கொடுத்தவர் ஜெபராஜ் அண்ணன். அஸ்தினாபுரத்துக்காரர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி செலின் அக்கா ஒரு மருத்துவமனையில் நர்ஸ். வார்டில் சலைன் பாட்டில் தீர்ந்துபோவதை யாரும் கவனிக்காமல் விட்டு, நோயாளியின் சொந்தக்காரர்கள் வந்து சத்தம் போடுவதை அக்கா வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லி அலுத்துக்கொள்வார். அண்ணன் அதற்கு ஒரு கருவி செய்துவிட்டார். பாட்டிலை ஒரு ஸ்பிரிங்கில் தொங்கவிடுவது. மருந்து குறையக் குறைய எடை குறையும், ஸ்பிரிங் சுருங்கி பாட்டில் மேலே ஏறும். தீரும் தறுவாயில் மேலே இருக்கும் ஒரு பழைய பட்டன் கைப்பேசியின் பொத்தானில் போய் முட்டும். அது நர்ஸுக்குப் போன் போடும். மருத்துவம், மெக்கானிக்கல், தொலைபேசி மூன்றும் ஒரே கம்பத்தில் தொங்கின. மேடமே அசந்துபோனார்.

"பேட்டன்ட் கெடச்சா விப்பீங்களா அண்ணே?" என்று கேட்டேன்.

"விக்கறதெல்லாம் யாரு பாத்தா. கவர்ன்மென்ட் காகிதத்துல, கண்டுபிடிச்சவர் ஜெபராஜ்னு ஒரு தடவ வரணும் தம்பி. ரேஷன் கார்டுலகூட ஜெயராஜ்னுதான் அடிச்சு வச்சிருக்கான்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் எத்தனை வருஷமாக அதை மனதில் வைத்திருந்தார் என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

ரகசியம் காப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. கருவியைப் பழைய பெட்ஷீட்டில் மூடி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வருவார். ஆட்டோக்காரர் "இன்னா சார், பாப்பாவா?" என்று கேட்டதற்கு ஆமாம் என்று சொல்லியிருக்கிறார். பெட்ஷீட்டுக்குள்ளிருந்து போன் அடித்தபோதும் அசரவில்லை என்று பெருமையாகச் சொன்னார்.

ஆனால் மனிதருக்கு ஒரே ஒரு பலவீனம். தப்பைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. நான் போட்ட மூன்றாவது படத்தில் ஸ்பிரிங்கின் சுற்று இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அசல் ஸ்பிரிங் வலப்பக்கம் சாயும். "இதனால ஒண்ணும் ஆகாது, வெள்ளிக்கிழமையே பதிவு பண்ணிடலாம்" என்று மேடம் சொல்லிப் பார்த்தார். அண்ணன் கேட்கவில்லை. "தப்பா வரஞ்சத என் பேர்ல அனுப்பாதீங்க மேடம்" என்றார். சரி, திங்கட்கிழமை என்று முடிவானது. நான் சனிக்கிழமை உட்கார்ந்து ஸ்பிரிங்கை நிமிர்த்தி வலப்பக்கம் சாய்த்தேன். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருப்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை காலையில் இருவரும் சேர்ந்தே வந்தார்கள். அக்கா கையில் கேக் டப்பா. அந்த மாதம்தான் அவர் பணி ஓய்வு பெற்றிருந்தார்.

"நேத்து சர்ச்சுல சாட்சி சொன்னேன் மேடம். இத்தன வருஷம் ஒரு குறையும் இல்லாம ஆண்டவர் நடத்துனாருன்னு. இவரு செஞ்ச மெஷின் பத்தியும் சொன்னேன். எல்லாரும் ஒரே கைதட்டல்" என்றார்.

மேடம் கையெழுத்துக்காகப் பேனாவை நீட்டிக்கொண்டிருந்தார். நீட்டிய கை அப்படியே நின்றது.

"யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு சொன்னேனே."

"யார்கிட்டயும் சொல்லலையே மேடம். ஆண்டவர்கிட்டதான் சொன்னேன்."

ஆண்டவரோடு கூட ஒரு கோயில் நிறைய ஜனமும் கேட்டிருந்தது. அதுவும் போதாதென்று அந்தச் சபையின் இளைஞர்கள் ஆராதனையை இணையத்தில் நேரலையாக விட்டு, சாட்சியை மட்டும் தனியாக வெட்டி எடுத்து, 'நர்ஸைத் தானே கூப்பிடும் சலைன் பாட்டில்: அற்புத சாட்சி' என்று தலைப்பும் வைத்திருந்தார்கள். தேடுபவருக்கு இதைவிட வசதியாக யாராலும் தலைப்பு வைக்க முடியாது.

மேடம் கதவைச் சாத்திவிட்டு வீடியோவைப் போடச் சொன்னார். எல்லோரும் என் கம்ப்யூட்டர் முன்னால் கூடினோம். அக்கா மைக்கைப் பிடித்து அழகாகத்தான் பேசினார். ஆனால் கருவியைப் பற்றிச் சொன்னபோது, "பாட்டில ஒரு ரப்பர் பேண்டுல தொங்க வுட்டு, அது தானா இழுத்து, போன்ல போய் இடிக்கும்" என்றார்.

மேடத்தின் முகத்தில் உயிர் வந்துவிட்டது. "ரப்பர் பேண்டா? தப்பா சொல்லிட்டாங்க. கடவுளே, நல்ல வேளை. தப்பா சொன்னா கணக்கில்ல. அத வச்சு யாராலயும் இத செய்ய முடியாது. தப்பிச்சோம்" என்றார்.

ஜெபராஜ் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் கொஞ்சம் பாருங்க மேடம்" என்றார், மெதுவாக.

வீடியோவில் இரண்டாவது வரிசையில் ஒரு வெள்ளைச் சட்டை நெளிந்தது. உட்கார்ந்தது. மறுபடி நெளிந்தது. அக்கா இன்னொரு முறை ரப்பர் பேண்ட் என்றார். வெள்ளைச் சட்டை எழுந்துவிட்டது. நடுவழியாக நடந்து மேலே ஏறி, மனைவியின் கையிலிருந்து மைக்கை வாங்கி, தொண்டையைக் கனைத்துக்கொண்டது.

"சபையாருக்கு ஸ்தோத்திரம். ரப்பர் பேண்ட் இல்ல, ஸ்பிரிங். ரப்பர் வெயிலுக்கு இளகிடும்."

அதோடு விட்டாரா? எந்தத் தடிமனில் கம்பி, பாட்டில் ஏற ஏறக் கம்பத்தில் வழிகாட்டி எங்கே, போனில் எந்தப் பொத்தானில் நம்பரைப் பதிந்து வைக்க வேண்டும், எல்லாவற்றையும் சொன்னார். சுற்று வலப்பக்கம் சாய வேண்டும் என்பதையும் விடவில்லை. மேடம் நாள் கணக்கில் உட்கார்ந்து எழுதிய விண்ணப்பத்தைவிட அது தெளிவாக இருந்தது. எனக்குச் சிரிப்பு அடக்க முடியாமல், கீழே பன் வாங்கப் போகிறேன் என்று எழுந்து போய்விட்டேன். காலை நேரம், கீழே பன்னே கிடையாது.

திரும்பி வந்தபோது மேடம் சட்டப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். கண்டுபிடித்தவர் தன் ஆய்வுக் கட்டுரையை அறிஞர்கள் கூடிய கழகத்தில் வாசித்திருந்தால் மட்டும் விலக்கு உண்டாம். அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எங்க சபைல மூணு பேரு பிஎச்.டி மேடம். பாஸ்டரும் டாக்டர்தான். போதாதா?"

 மேடம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அக்கா கொண்டுவந்த கேக்கில் ஒரு துண்டு எடுத்துக்கொண்டார். அண்ணன் அழவில்லை, யாரையும் குறை சொல்லவும் இல்லை. கருவியை மூடிக் கொண்டுவந்த பெட்ஷீட்டை மடித்து, மடித்து, கைக்குட்டை அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார். அதைப் பார்த்தபோது எனக்குச் சிரித்ததற்கு வெட்கமாகிவிட்டது.

இருந்தாலும் விண்ணப்பத்தை அனுப்பிவைத்தோம். மேடம் வேண்டாம் என்றார், அண்ணன்தான் பிடிவாதம் பிடித்தார். வெகுகாலம் கழித்து அரசாங்கத்திலிருந்து ஆய்வறிக்கை வந்தது. இந்தக் கண்டுபிடிப்பு ஏற்கெனவே முழுமையாக வெளியிடப்பட்டிருக்கிறது, வெளியிட்டவர் ஜெபராஜ், இடம் இன்ன தேவாலயம், வீடியோவில் இத்தனையாவது நிமிடம் என்று இணைய முகவரியோடு போட்டிருந்தார்கள். ஜெபராஜுக்கு முன்னால் ஜெபராஜ் கண்டுபிடித்துவிட்டதால் ஜெபராஜுக்கு உரிமை இல்லை. மேடம் அதைச் சொல்லத் தயங்கித் தயங்கி நீட்டினார். அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை வைத்து வாசித்தார். பெயர் வந்த இடத்தில் விரல் நின்றது.

"ஸ்பெல்லிங் கரெக்டா போட்டிருக்கான்" என்றார்.

அடுத்த வாரம் அதை ஃபிரேம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டார். ஆங்கிலம் சரியாக வாசிக்காத விருந்தாளிகள் எல்லோரும் அதைப் பேட்டன்ட் என்றே நினைத்து வாழ்த்தினார்கள். வாசிக்கத் தெரிந்தவர்களும் வாழ்த்தினார்கள்.

இப்போது மேடம் மகள் இருக்கும் ஊருக்குப் போய்விட்டார். மாடி இரண்டு அறையிலும் ஒருவர் தலைமுடி நடும் கிளினிக் வைத்திருக்கிறார். பேக்கரி பிரியாணிக் கடையாகிவிட்டது. படத்துக்கு எண் போடுவதைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறதாம், இரட்டைப்படையில் போடுகிறதா என்று தெரியவில்லை. குடை கெட்ட அன்றைக்கு இதெல்லாம் நினைவில் கிளம்பி, மறுநாள் அஸ்தினாபுரம் போய்விட்டேன்.

இருவரும் நன்றாக இருக்கிறார்கள். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அக்கா ஆரம்பித்துவிட்டார்.

"தம்பி, நீங்களே சொல்லுங்க. நான் அன்னிக்கு ஸ்பிரிங்னுதானே சொன்னேன்? இவரு இத்தன வருஷமா ரப்பர் பேண்டு, ரப்பர் பேண்டுன்னு என் மானத்த வாங்கறாரு."

"அப்ப பேட்டன்ட் போனது உன்னாலதான்னு ஒத்துக்க" என்றார் அண்ணன்.

"ஒத்துக்கறேன். கரெக்டா சொன்னது நான்தானே, அப்ப போக்கடிச்சதும் நான்தான்."

"இல்ல. போக்கடிச்சது நான். கவர்ன்மென்ட்டே எழுதிக் குடுத்திருக்கு" என்று ஃபிரேமைக் காட்டினார்.

ஒரு குற்றத்துக்கு இரண்டு பேர் இப்படிச் சொந்தம் கொண்டாடி நான் பார்த்ததில்லை. வீடியோவைப் பார்த்தால் தீர்ந்தது என்று, ஃபிரேமில் இருந்த முகவரியைப் பார்த்துப் பார்த்துக் கைப்பேசியில் தட்டினேன். இந்த வீடியோ இப்போது கிடைக்கவில்லை என்று வந்தது. சபை வேறு சேனலுக்கு மாறியபோது பழையதையெல்லாம் அழித்துவிட்டார்களாம். அந்த மேடை, அந்தக் கைதட்டல், நெளிந்த வெள்ளைச் சட்டை, எதுவும் இப்போது எங்கேயும் இல்லை. எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

இருவரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா ரப்பர் பேண்ட் என்று சொன்னதற்கு அந்தக் கூடத்தில் மிச்சமிருந்த சாட்சி நான் ஒருவன்தான்.

"ஸ்பிரிங்னுதான்கா சொன்னீங்க" என்றேன்.