அபுதாபியிலிருந்து எம்.ரெட்டியபட்டிக்கு: நின்றுபோன செவ்வாய்க்கிழமை விமானம்

வளைகுடாவில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் சென்ற வாரம் கேட்டிருந்தார்: "ஊருக்கு அவசரமாக வரவேண்டி வந்தால் எந்த வழி நல்ல வழி? ஏன் எங்கள் பக்கத்துக்கு நேர் விமானம் விடமாட்டேன் என்கிறார்கள்?" இரண்டு வரியில் பதில் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். மனசு வரவில்லை. தொண்ணூறுகளின் நடுவில், ஒரு பங்குனி மாதம் நான் மதராஸிலிருந்து அருப்புக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரான எம்.ரெட்டியபட்டிக்குப் போன பயணத்தைச் சொன்னால்தான் அந்தக் கேள்விக்கு முழுப் பதில் கிடைக்கும்.

அப்போது நான் மதராஸில் ஒரு விமானக் கம்பெனி அலுவலகத்தில் இருந்தேன். பெயர் வேண்டாம். எந்த ஊருக்குப் புதிதாக விமானம் விடலாம் என்று யோசிக்கும் பிரிவில் குமாஸ்தா வேலை. ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணி வாக்கில் அருப்புக்கோட்டை எஸ்.டி.டி. பூத்திலிருந்து சித்தப்பா பேசினார். "தாயி, அம்மாவுக்கு சீரியஸா இருக்கு. கெளம்பி வாத்தா. சீனிக்குத் தந்தி குடுத்துட்டேன்."

அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு அந்த 'சீரியஸ்' என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அம்மா போய்விட்டாள். போனை வைத்துவிட்டு மேசையிலேயே கவிழ்ந்து அழுதேன். அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு விமான அட்டவணையை எடுத்தேன். சீனி என் ஒரே தம்பி, அபுதாபியில் கட்டட வேலை. அப்பா எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் அவன்தான். அவன் வந்து சேர வேண்டும், அதுதான் அன்றைக்கு எனக்கிருந்த ஒரே கவலை.

முன்பென்றால் கவலையே இல்லை. அபுதாபியில் திங்கள் ராத்திரி ஏறினால் செவ்வாய் விடியக்காலை மதராஸ் என்று எங்கள் விமானமே இருந்தது. அதைத்தான் ஆறு மாதத்துக்கு முன்னால் எடுத்துவிட்டு, ஐரோப்பாவில் ஒரு பெரிய நகரத்துக்கு விட்டிருந்தார்கள். இனி வியாழன் காலைதான் நேர் விமானம். இல்லாவிட்டால் அன்றைக்கே பம்பாய் விமானத்தைப் பிடித்து, அங்கே மாறி மதராஸ், மறுபடியும் மாறி மதுரை. செலவு கூடுதல், அலைச்சல் அதைவிடக் கூடுதல். ஆனால் செவ்வாய் சாயங்காலம் ஊர் வந்துவிடலாம்.

ஏன் எடுத்தார்கள் என்கிறீர்களா? இந்தப் பிழைப்பே அப்படித்தான். புதுத் தடம் போடுவதற்கு முன்னால், அந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவில் இப்போது எத்தனை பேர் வேறெங்கோ விமானம் மாறிச் சுற்றிப் போகிறார்கள் என்று பார்ப்பார்கள். கூட்டம் இருந்தால் மட்டும் போதாது. முன்வரிசை விலை கூடிய இருக்கைகளில் உட்கார ஆள் உண்டா, கீழே அடிவயிற்றில் ஏற்றத் தோலோ துணியோ சரக்கு உண்டா, போகும்போதும் வரும்போதும் நிறையுமா, பள்ளி விடுமுறைக்கு மட்டும் நிறைந்து மற்ற நாளில் காற்றடிக்குமா என்று கேட்டுக்கொண்டே போவார்கள். இரண்டு அரசாங்கங்களும் அனுமதி தரவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, கையில் இருப்பது ஒரே விமானம். அது எங்கே பறந்தால் மணிக்குக் கூடுதலாகச் சம்பாதிக்கும்?

அபுதாபி விமானத்தில் இடமே இருக்காது. ஆனால் அத்தனை பேரும் மலிவு டிக்கெட். சீசனில் போகும்போது நிறைந்தால் வரும்போது பாதிதான். ஐரோப்பாவுக்குத் தோல் வியாபாரிகள் முன்வரிசையில் போவார்கள், அங்கே இறங்கி அமெரிக்கா போகிறவர்களும் சேர்ந்துகொள்வார்கள். மேனேஜர் கணக்கைப் போட்டுக் காட்டினார். கணக்கில் ஒரு தப்பும் இல்லை. முதல் விமானம் கிளம்பிய அன்று அலுவலகத்தில் கேக் வெட்டினோம்.

பம்பாய் விமானத்தில் சீனி பெயருக்கு ஒரு இருக்கை வைக்கச் சொல்லி அபுதாபி அலுவலகத்துக்கு டெலெக்ஸ் அடித்தேன். அவன் தங்கியிருந்த கேம்ப்புக்கும் போன் போட்டேன். எடுத்தவர் பேசிய பாஷை எனக்குப் புரியவில்லை. "சீனி, மதராஸ், சிஸ்டர்" என்று நாலைந்து தடவை கத்தினேன். "ஓகே ஓகே" என்று வைத்துவிட்டார். தந்தியைப் பார்த்ததும் கிளம்பிவிடுவான் என்ற தைரியத்தில் நானும் சாயங்காலம் மதுரை பஸ்ஸைப் பிடித்தேன்.

செவ்வாய் காலை ஆறு மணிக்கு மதுரை. அங்கிருந்து அருப்புக்கோட்டை சுமார் ஐம்பது கிலோமீட்டர், காரியாபட்டி வழியாக ஒன்றரை மணி நேரம். ஜன்னல் ஓரம் கிடைத்தது. வழி நெடுக சீமைக்கருவேலமும் கரிமூட்டப் புகையும்தான். பருத்தி எடுத்து முடித்த காடுகளில் காய்ந்த செடிக்குச்சி, மார் என்போம், அது மட்டும் நின்றது. பாளையம்பட்டியில் தறிச் சத்தம் கேட்டபோது, இந்நேரம் சீனி பம்பாயில் இறங்கியிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

அருப்புக்கோட்டையில் முகம் கழுவி, ஒரு டீ மட்டும் குடித்தேன். எட்டு மணிக்கு ரெட்டியபட்டி வழியாக ஒரு தனியார் பஸ் உண்டு என்று நம்பிப் போனால் அது இல்லை. அங்கே நின்ற கண்டக்டரிடம் எரிச்சலோடு கேட்டேன்.

"அந்த வண்டியத் தூத்துக்குடிக்கு விட்டுட்டாகம்மா மொதலாளி."

"ஏன்யா? கூட்டம் ஏறத்தானே செஞ்சது?"

"காலையில டவுனுக்கு வரைல ஏறுவாக. திரும்பிப் போறப்ப வெறும் வண்டி. டீசலுக்குக் கட்டுபடியாவணும்ல? தூத்துக்குடின்னா லோடும் ஏறுது."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். எங்கள் மேனேஜர் கோட்டு போட்டுக்கொண்டு சொன்னதை இவர் காக்கிச் சட்டையில் சொல்கிறார். ஒன்பதரைக்குத்தான் அடுத்த பஸ். வீட்டு வாசலை மிதிக்கும்போது பதினொன்று ஆகிவிட்டது.

அம்மாவை வாசல் பந்தலில் கிடத்தியிருந்தார்கள். அருப்புக்கோட்டையிலிருந்து ஐஸ் பாளம் கொண்டுவந்து சுற்றி அடுக்கி, மேலே மரத்தூள் போட்டிருந்தார்கள். பங்குனி வெயிலில் அது கரைந்து வாசலெல்லாம் ஓடியது. அவள் காலைப் பிடித்துக்கொண்டு என்ன சொல்லி அழுதேன் என்று நினைவில்லை. பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஒவ்வொருத்தியும் கேட்டது ஒன்றுதான்: "சீனி வாரானா?" சாயங்காலம் வந்துவிடுவான் என்று எல்லாருக்கும் நான்தான் சொன்னேன்.

மூன்று மணிக்கு மேல் பெரியவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். நேற்று விடியற்காலை போன உசிரு, இன்னும் எவ்வளவு நேரம் வைத்திருப்பது? நான் மட்டும் பிடிவாதமாக இருந்தேன். ரோட்டில் கார் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து போய்ப் பார்த்தேன். நாலரை மணிக்குச் சித்தப்பா என்னை வீட்டுக்குப் பின்னால் பருத்திமார்க் கட்டுக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போனார்.

"தாயி, ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும். போன வருசமும் சீனிக்கு இதே தந்திதான் அடிச்சேன்."

"எதே தந்தி?"

"அம்மா சீரியஸ், உடனே புறப்படுன்னு. பொண்ணு பாக்க வாடான்னா லீவு இல்லைன்னே சொல்லிக்கிட்டு இருந்தான். ஒங்கம்மாதான் அடிக்கச் சொன்னாக. ஒனக்குத் தெரிஞ்சா வைவேன்னு சொல்லல. பம்பாய் சுத்தி, சோறு தண்ணி இல்லாம பேயறஞ்ச மாரி வந்து நின்னான். ஒங்கம்மா வத்தல் காயப் போட்டுக்கிட்டு இருந்தாக. பாத்ததும் கையக் கொட்டிச் சிரிச்சாக. ரெண்டு நாளு எங்கள்ட்ட பேசாமத் திரும்பிப் போயிட்டான்."

"இப்பவாச்சும் உள்ளதப் போட்டிருக்கக் கூடாதா சித்தப்பா?"

"செத்துட்டாகன்னா போடுவேன்? அந்தப் பய அங்க தனியாக் கெடந்து படிச்சா நெஞ்சு வெடிச்சிராதா? பக்கத்துல ஆருத்தா இருக்கா, தாங்கிப் பிடிக்க?"

அவர்மேல் பாய வேண்டும் போல இருந்தது. ஆனால் என்னத்தைச் சொல்லிப் பாய்வது? எனக்கும் அப்படித்தானே சொன்னார். நானும் அதைத்தானே சரியாகப் புரிந்துகொண்டேன். சாவை வாயால் சொல்லக் கூசுகிற ஊர் எங்களுடையது. பந்தலுக்கு வந்து பெரியவர்கள் முன்னால் நின்று நானே சொன்னேன், "எடுங்க. அவன் இன்னைக்கு வரமாட்டான்."

சித்தப்பா மகன் ராமசாமி மொட்டை போட்டுக்கொண்டு கொள்ளிச் சட்டியைத் தூக்கினான். தெருமுனை வரைக்கும்தான் பெண்கள் போகலாம். அங்கே நின்று பார்த்தேன். பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சீனி வியாழக்கிழமை மத்தியானம் வந்தான், நேர் விமானத்தில் மதராஸ் இறங்கி, அங்கே மாறி மதுரை வந்து. அருப்புக்கோட்டையில் ஆட்டோ பிடித்திருக்கிறான். ஆட்டோக்காரர் எங்கள் ஊர்க்காரர், எல்லாம் தெரிந்தவர். வழியில் வாயே திறக்கவில்லை. "நா எப்படிம்மா சொல்ல? அவரு சிரிச்சுப் பேசிக்கிட்டே வாராரு" என்று பிறகு என்னிடம் சொன்னார். பந்தலைக் காலையில்தான் பிரித்திருந்தார்கள். வாசலைக் கழுவிவிட்டிருந்தோம்.

இரண்டு கையிலும் பையோடு இறங்கினான். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"ஏ அக்கா, நீயும் வந்துட்டியா? அப்ப இந்தவாட்டி பொண்ணு பெரிய எடம் போலயே!"

அவன் பையை வைக்காமலே உள்ளே எட்டிப் பார்த்து, "எங்க அவுக? வத்தல் போடுறாகளா?" என்றான். அந்த நேரம் பார்த்து ராமசாமி வெளியே வந்தான். சீனி அவன் தலையைப் பார்த்தான்.

"ஏலே, எதுக்குலே மொட்ட?"

ராமசாமி தலையைக் கையால் மூடிக்கொண்டான். சீனி பையோடு தரையில் உட்கார்ந்துவிட்டான். நான் போய்க் கட்டிப்பிடித்தபோது என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னான், "பம்பாய் வண்டியில சீட்டு இருந்துச்சுக்கா. ஏஜெண்டு கேட்டான். அக்கா போன் பண்ணுச்சுன்னும் சொன்னாங்க. நீயும் கூட்டுன்னு நெனச்சேன். மெதுவாப் போனாப் போதும்னு நாந்தான் வேணாம்னேன்."

அந்தச் செவ்வாய்க்கிழமை விமானம் இருந்திருந்தால் அவன் கோபத்தோடும் சந்தேகத்தோடும் அதிலேயே ஏறி வந்திருப்பான். கொள்ளி வைத்திருப்பான். இதை எங்கள் மேனேஜரிடம் நான் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? தந்திக்கும் கணக்குக்கும் நடுவில் என் தம்பி மாட்டிக்கொண்டான். அந்த ஐரோப்பா தடத்தையும் இரண்டு குளிர்காலம் ஓட்டிவிட்டு நிறுத்திவிட்டார்கள். முன்வரிசை எதிர்பார்த்த அளவு நிறையவில்லையாம். கேட்டபோது எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

கேள்வி கேட்ட தம்பிக்கு இப்போது பதில். மதுரையிலிருந்தே சில வெளிநாட்டு விமானங்கள் இப்போது உண்டு. ஆனால் எந்தத் தடம் எந்த சீசனில் நிற்கும் என்று சொல்ல முடியாது. கிளம்பும் நாளில் விசாரித்துக்கொள்ளுங்கள். அவசரம் என்றால் நேர் விமானத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். எத்தனை ஊர் மாறினாலும் முதலில் கிளம்புவதில் ஏறிவிடுங்கள். மதுரையிலிருந்து அருப்புக்கோட்டைக்கு அடிக்கடி பஸ் உண்டு. அங்கிருந்து ஊர்களுக்கு ஷேர் ஆட்டோ கிடைக்கும். வெயில் காலத்தில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: பொய்யாகக் கூப்பிடாதீர்கள், செத்தால் செத்துவிட்டார் என்று சொல்லுங்கள். நெஞ்சு வெடிக்காது. வெடித்தாலும் வந்து சேர்ந்துவிடுவார்கள்.

அம்மா போய் இரண்டு வருடம் கழித்துச் சித்தப்பாவுக்குக் காய்ச்சல் கண்டது. சாதாரணக் காய்ச்சல். ராமசாமி வாராவாரம் பேசுவது போல போனில் பேசும்போது சீனியிடம் அதையும் சொல்லியிருக்கிறான், மறைக்கவும் இல்லை, கூட்டிச் சொல்லவும் இல்லை. மறுநாள் சாயங்காலம் மூன்று விமானம் மாறி, சவரம்கூடச் செய்யாமல் சீனி வாசலில் வந்து நின்றான். சித்தப்பா கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். இவனைப் பார்த்ததும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "காய்ச்சதான்யா, வெறும் காய்ச்சதான்யா" என்று தேம்பித் தேம்பி அழுதார்.