எடைமேடைக்கு வேலைக்குப் போன மோட்டார் சிம்

தண்ணீரே கிடையாது என்று எல்லாரும் கைவிரித்த கரிசலில் போர் போட்டேன். வங்கி மேனேஜர் சிரித்த இடத்தில், பந்தல்குடி ரோட்டோரம், லாரி எடைமேடை கட்டினேன். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், மகளை இன்ஜினியருக்குக் கட்டிக்கொடுத்தேன். எடைமேடையில் சாகாத இன்டர்நெட் கொண்டுவந்ததும் நான்தான். இதை மட்டும் சொந்தக்காரர்கள் மருமகன் கணக்கில் சேர்க்கிறார்கள்.

எங்கள் மேடையில் பஞ்சு லோடு எடை போட்டால், அந்த எடை அப்போதே மில் கம்ப்யூட்டருக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் லாரியை மில் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். ரோடு தோண்டுகிறவர்களோ கேபிளை அடிக்கடி அறுத்தார்கள். "இன்னொரு தடவ நின்னா வேற மேடை பாத்துக்கிறோம்" என்று மில்லில் சொல்லிவிட்டார்கள்.

பெங்களூரில் இருக்கும் மருமகன் வந்து, சிம் போடுகிற ரௌட்டர் பெட்டி ஒன்றை மாட்டினார். "கேபிள் போனாலும் சிம் வழியா நான் அங்க இருந்தே உள்ள வந்து சரி பண்ணிருவேன் மாமா" என்றார். கெட்டிக்காரர். ஆனால் அவர் போட்டது பெங்களூர் சிம். அந்தக் கம்பெனி டவர் எங்கள் மேடைக்கு எட்டாது.

எது எட்டும் என்பது எனக்குத் தெரியும். மேடைக்குப் பின்னால் என் தோட்டம். அங்கே மோட்டார் ஸ்டார்ட்டரிலும் ஒரு சிம் உண்டு. வீட்டிலிருந்து போன் அடித்தால் மோட்டார் ஓடும். ஒருநாளும் எடுக்காமல் இருந்ததில்லை. உழுது பழகிய மாட்டை விட்டுவிட்டுச் சந்தைக்கா போவேன்? மருமகன் பஸ் ஏறியதும் அந்தச் சிம்மைக் கழற்றிப் பெட்டியில் போட்டேன்.

மறுநாள் என் வீட்டுக்காரி போனோடு வந்து நின்றாள்.

"ஏங்க, மோட்டாரு எடுக்கவே மாட்டேங்குது."

"அது இப்ப எடைமேடையில வேலை பாக்குது."

"அப்ப மொளகாய்க்கு யாரு தண்ணி விடுறது?"

நான்தான். அன்றிலிருந்து தினமும் நடந்து போய் சுவிட்ச் போடுகிறேன்.

அடுத்த வாரமே கேபிள் அறுந்தது. லாரிகள் வரிசையில் நின்றன. அறுந்தது எங்கோ தூரத்தில் என்பதால் பெட்டியில் கேபிள் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. கேபிள் உயிரோடு இருப்பதாக நம்பிக்கொண்டு, பெட்டி எடையைச் சிம் வழியாக அனுப்பாமல் அடம்பிடித்தது. மருமகனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணாச்சி, ஆகுமா, வண்டியத் திருப்பவா?" என்றார் முதல் லாரி டிரைவர்.

"டீ குடிங்க. மாப்ள பெங்களூர்ல இருந்து வாராரு."

"அவுக வாரதுக்குள்ள பஞ்சு நூலாயிரும் அண்ணாச்சி."

டீ ஆறுவதற்குள் மருமகன் சிம் வழியாக உள்ளே நுழைந்து, எடையையும் சிம் வழிக்குத் திருப்பினார். எடை மில்லுக்குப் போனது. மில்லும் வேறு மேடை பார்க்கவில்லை.

"நான் போட்ட சிம்மு நல்லா எடுக்குது மாமா" என்றார் போனில்.

"அது என் மோட்டாரு சிம்மு மாப்ள."

"சரிங்க மாமா" என்றார்.

அடுத்த தடவை வந்தவர், பெட்டி மேல் 'பராமரிப்பு' என்று போட்டுத் தன் பெயரை ஸ்டிக்கராக ஒட்டிவிட்டுப் போனார். அவர் உள்ளே வந்தது உண்மை, மறுக்கவில்லை. வருவதற்குக் கதவு வைத்தது நான். அந்த ஸ்டிக்கரில் என் பெயரும் ஏற வேண்டும். கீழே இடம் இருக்கிறது. மேலேயும் இருக்கிறது.