கையில் கட்டிய பழைய புடவை

சிங்கவரம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக் குழந்தை, அம்மாவின் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு தூங்கியது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சின்ன வயதில், தூங்கினால் போதும், ஊர்க் கோட்டை மலையிலிருந்து தலையில்லாத குதிரைக்காரன் எங்கள் தெருவுக்கு இறங்கி வருவான். அலறி எழுவேன். அம்மா தன் முந்தானையை என் மணிக்கட்டில் கட்டிவிட்டு, "நான் எழுந்தா உனக்குத் தெரிஞ்சிடும். உன்ன உட்டுட்டு எங்கடா போவப்போறேன்?" என்பாள். அதை நம்பித்தான் கண்ணை மூடுவேன்.

ஒரு ராத்திரி அலறிக்கொண்டே முந்தானையை இழுத்தேன். முழுப் புடவையும் கையோடு வந்தது. மறுமுனையில் அம்மா இல்லை.

நைனா புரண்டு படுத்தார். "கத்தாதடா. உங்கம்மா ரெண்டாவது ஆட்டம் பாக்கப் போயிருக்குது. டாக்கீஸ்ல படம் மாறினா இப்படித்தான், நீ தூங்கினதும் பழைய பொடவய உன் கையிலயே உட்டுட்டு, வேற கட்டிக்கிட்டுப் போவும்" என்று சிரித்தார்.

காலையில் அம்மா, "ராத்திரி பயந்தியாடா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். குதிரைக்காரன் அதற்குப் பிறகும் வந்தான். நான் கத்தவில்லை.

இப்போதும் அம்மா, "என் முந்தானையப் புடிச்சே பயம் தெளிஞ்சவன் இவன்" என்று என் பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்கிறாள். கூப்பிட்டாலும் வரமாட்டாள் என்று ஒரு குழந்தைக்குத் தெரிந்துபோனதைத்தான் அப்படிச் சொல்கிறாள்.